பேட்டரி கேமரா: வீட்டுக்கும் கடைக்கும் தோட்டத்துக்கும் எப்படி வைப்பது

பேட்டரி கேமரா வாங்குகிற பலரும் அதை வழக்கமான சிசிடிவி மாதிரியே நினைத்துதான் வாங்குகிறார்கள். வயர் கிடையாது, பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி கிடையாது, மற்றபடி எல்லாம் ஒன்றுதான் என்று. ஒரு மாதம் கழித்து "ஆள் வந்து போனது பதிவாகவே இல்லை", "பத்து நாளில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது" என்று புலம்பல் வரும். கேமராவில் கோளாறு இருக்காது. அது வேலை செய்கிற விதமே வேறு, அதைப் புரிந்துகொண்டு மாட்டினால் இதே கேமரா அருமையாக உழைக்கும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மாட்டுவது அப்புறம்.

இது தூங்குகிற கேமரா

கரன்ட்டில் ஓடும் சிசிடிவி 24 மணி நேரமும் பதிவு செய்துகொண்டே இருக்கும். பேட்டரி கேமரா அப்படி இல்லை. நாள் முழுக்க அது தூங்குகிறது. விழித்திருப்பது ஒரு சின்ன சென்சார் மட்டும்தான், பிஐஆர் என்பார்கள். முன்பக்கம் லென்ஸுக்குக் கீழே பால் நிறத்தில் குமிழ் மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். மனிதர், நாய், இப்போதுதான் ஓடி நின்ற பைக் என்று சுற்றுப்புறத்தைவிடச் சூடான எதுவும் அதன் முன்னால் நகர்ந்தால், அந்த வெப்ப வித்தியாசத்தை உணர்ந்து கேமராவை எழுப்பும். கேமரா விழித்து, 10 முதல் 30 வினாடி வரை ஒரு கிளிப் எடுத்து, உங்கள் போனுக்குத் தகவல் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

விழிக்க ஒரு வினாடி போல ஆகும், மலிவான மாடல்களில் இன்னும் கூட. வேகமாகக் குறுக்கே ஓடுகிறவர் அதற்குள் காட்சியை விட்டே போயிருப்பார். புது மாடல்கள் சிலவற்றில் விழிப்பதற்கு முந்தைய சில வினாடிகளையும் சேர்த்துத் தரும் வசதி இருக்கிறது, கிடைத்தால் நல்லது.

சார்ஜ் கணக்கும் இதிலிருந்துதான் வருகிறது. 10,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் சுமார் 36 வாட்-ஹவர். பதிவு செய்யும்போது கேமரா தோராயமாக 2 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் படம் எடுக்க உதவும், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது இன்னும் கூடுதல். ஒரு நாளைக்கு 10 கிளிப், ஒவ்வொன்றும் 20 வினாடி என்றால் தூங்கும் நேரச் செலவையும் சேர்த்து மூன்று மாதம் வரை ஓடும். அதே கேமராவைத் தெருவைப் பார்த்து மாட்டி நாளைக்கு 150 கிளிப் எடுக்க வைத்தால் மூன்று வாரம்கூடத் தாங்காது. பெட்டியின் மேல் "6 மாதம்" என்று போட்டிருப்பது ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கான கணக்கு.

அரை மணி நேரம் லைவ் பார்ப்பது 20 வினாடி கிளிப் 90 எடுப்பதற்குச் சமம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவைப் பார்க்கிற ஆசையில் தினமும் லைவ் போட்டுப் பார்ப்பார்கள். ஆசை நியாயமானதுதான், ஆனால் அதற்குப் பேட்டரி கேமரா வேண்டாம். ஹாலில் ஒரு பிளக் பாயின்ட் கேமரா வைத்துக்கொள்ளுங்கள், விலையும் அதுதான் குறைவு.

உங்கள் இடத்துக்குச் சரிப்படுமா

ஆள் நடமாட்டம் அரிதாக இருக்க வேண்டும், ஆனால் யாராவது வந்தால் உடனே தெரிய வேண்டும்: இந்த இரண்டும் பொருந்துகிற இடம்தான் பேட்டரி கேமராவின் இடம். வீட்டின் பின்வாசல், மொட்டை மாடிக் கதவு, பக்கவாட்டுச் சந்து, பூட்டிக் கிடக்கும் சொந்த ஊர் வீடு, கடையின் பின்பக்க குடோன், இரவில் ஷட்டர், கட்டி முடியாத கட்டடம், தோட்டத்து மோட்டார் ரூம்.

கல்லாவுக்கு வைக்காதீர்கள். கல்லாவில் நாள் முழுக்கக் கை நடமாடும், பிரச்சினை வந்தால் நமக்கு வேண்டியது இடைவெளி இல்லாத பதிவு. இரண்டு கிளிப்புக்கு நடுவே கேமரா தூங்கிய நேரத்தில்தான் பணம் கைமாறியிருக்கும். கல்லா, பில்லிங், வாடிக்கையாளர் வாசல் இந்த மூன்றுக்கும் வயர் போட்ட சிசிடிவிதான் சரி. கடை பெரியதாக இருந்தால் உள்ளே வயர் கேமரா, பின்பக்கம் பேட்டரி கேமரா என்று கலந்து வைப்பதில் ஒரு தவறும் இல்லை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். சுவரை உடைத்து வயர் இழுக்க வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

வாங்கும்போது

டேப்போ, ஈசிவிஸ், சிபி பிளஸ், ரியோலிங்க், யூஃபி, பிளிங்க் என்று நிறைய பெயர்கள் இருக்கின்றன. பெயரைவிட, பதிவு எங்கே சேமிப்பாகிறது என்பதை முதலில் கேளுங்கள். கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு போடும் மாடல் என்றால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் சாட்சியையும் சேர்த்துக்கொண்டு போகிறான். வீட்டுக்குள் வைக்கும் ஹப் பெட்டியில் சேமிக்கும் மாடல், அல்லது க்ளவுடில், அதாவது கம்பெனியின் இணைய சர்வரில் சேமிக்கும் மாடல் என்றால் கேமரா போனாலும் பதிவு பத்திரமாக இருக்கும். க்ளவுடுக்கு மாதச் சந்தா உண்டு, வாங்கும் விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள். சந்தா கட்டாவிட்டால் எந்தெந்த வசதி நிற்கும் என்பதையும் விசாரியுங்கள், ஆளையும் விலங்கையும் பிரித்துக் காட்டும் வசதியே சில கம்பெனிகளில் சந்தாவுக்குள்தான் இருக்கிறது.

வெளியே மாட்டுவதற்கு ஐபி65 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி புகாது, குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும், நம் ஐப்பசி மழைக்கு அது போதும். பேட்டரி தனியாகக் கழன்று வருகிற மாடலாகப் பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறை சார்ஜ் போடவும் ஏணி வைத்து முழு கேமராவையும் இறக்க வேண்டியிருக்கும். 2025 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசு இணையப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பெயர் தெரியாத மலிவுச் சரக்கைத் தவிருங்கள்.

பழைய கேமரா கைமாற்றி வாங்கினால் ஒரு எச்சரிக்கை: முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்க வேண்டும். நீக்காவிட்டால் பெரும்பாலான மாடல்கள் உங்கள் கணக்கில் சேராது. உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள்.

சுவரில் ஏற்றுவதற்கு முன்

பெட்டியைப் பிரித்த கையோடு டிரில்லிங் மெஷினைத் தேடாதீர்கள். முதல் நாள் வேலை எல்லாம் மேஜை மேல்தான்.

முழுதாகச் சார்ஜ் போடுங்கள், பெரிய பேட்டரி என்றால் ஒரு ராத்திரி ஆகும். மெமரி கார்டு போடுவதாக இருந்தால் சிசிடிவிக்கென்றே வரும் ஹை எண்டியூரன்ஸ் கார்டு வாங்கி, கேமரா ஆப்பிலேயே அதை ஃபார்மட் செய்யுங்கள். அப்புறம் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பை நிறுவி, க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து இணையுங்கள்.

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்வார்கள். பேட்டரி கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். சுவரைத் தாண்டுவதில் 5 ஜிகாஹெர்ட்ஸைவிட அதுதான் கெட்டி. இன்றைய ஃபைபர் ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் காட்டும், போன் 5-ல் இருக்கும், கேமரா 2.4-ஐத் தேடும், இணைப்பு கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள், அல்லது சேர்க்கும் வரை 5-ஐ அணைத்து வையுங்கள். இணைய சேவைக்காரரிடம் போனில் சொன்னாலே பலர் செய்து தருவார்கள்.

சேர்ந்ததும் மூன்று வேலை, தள்ளிப்போடாமல். கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள், இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். வீட்டில் மற்றவர்கள் பார்க்க வேண்டுமா, உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் ஆப்பில் உள்ள பகிர்வு வசதி மூலம் அவர்கள் கணக்கைச் சேர்த்துவிடுங்கள். கடையில் வேலை பார்த்தவர் நின்றுவிட்டால் அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

போனிலும் ஒரு வேலை உண்டு. ஆண்ட்ராய்டு போன்கள் பல, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். கேமரா ஒழுங்காகத் தகவல் அனுப்பியிருக்கும், போன் அதைக் காலையில்தான் காட்டும். போன் செட்டிங்கில் இந்த ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம் என்று கொடுத்து, நோட்டிஃபிகேஷனுக்குத் தனிச் சத்தமும் வையுங்கள். வாட்ஸ்அப் வரும் அதே சத்தத்தில் திருடனும் வந்தால் யார் எழுந்து பார்ப்பது?

எங்கே, எப்படி மாட்டுவது

பாதி வெற்றி இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உயரம் 7 முதல் 9 அடி, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து. இதற்கு மேல் போனால் தலையுச்சிதான் தெரியும், முகம் தெரியாது. இதற்குக் கீழே வந்தால் கைக்கு எட்டிவிடும்.

பிஐஆர் சென்சார் குறுக்கே நகர்வதை நன்றாகப் பிடிக்கும், நேராக அதை நோக்கி நடந்து வருவதைப் பிடிக்கத் தடுமாறும். கேட்டுக்கு நேர் எதிரே வைத்தால் ஆள் பாதி தூரம் வந்த பிறகுதான் கேமரா விழிக்கும். கேட்டுக்கு ஒரு பக்கமாக, நடந்து வருகிறவர் காட்சியில் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ கடந்து போகும்படி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே தவறிப்போகும் கிளிப்புகள் வெகுவாகக் குறையும்.

சென்சார் எட்டும் தூரம் 7 முதல் 10 மீட்டர். அதுவும் நம் ஊர் அக்னி நட்சத்திர மதியத்தில் சுருங்கும், ஏனென்றால் சுவரும் தரையும் ஆளின் உடம்புச் சூட்டுக்குச் சமமாகக் கொதிக்கும்போது சென்சாருக்கு வித்தியாசமே தெரியாது. மே மாதத்தில் "ஆள் வந்தும் பிடிக்கவில்லை" என்றால் சென்சிட்டிவிட்டியைக் கூட்டிப் பாருங்கள், மழைக்காலம் வந்ததும் பழையபடி குறைத்துவிடுங்கள்.

கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். வெப்பம் கண்ணாடியைத் தாண்டி சென்சாருக்கு வராது, இரவில் இன்ஃப்ராரெட் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படம் வெள்ளையடிக்கும். சன்ஷேடுக்கு அடியில் ஒட்டினாற்போல, அல்லது சுண்ணாம்பு அடித்த சுவரை உரசினாற்போல மாட்டினாலும் இதே கதைதான். பக்கத்துச் சுவர் அந்த ஒளியை வாங்கிப் பளிச்சென்று எரியும், தூரத்தில் நிற்கும் ஆள் கருப்பு நிழலாகிவிடுவார். சுவரிலிருந்து சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட்டில் மாட்டுங்கள்.

காட்சிக்குள் எது வரக்கூடாது என்பதையும் பாருங்கள். தெரு வந்தால் போகிற ஆட்டோ எல்லாம் கிளிப்பாகும். வெயிலில் ஆடும் வாழை இலை, கொடியில் காயும் வேட்டி, ஏசி அவுட்டோர் யூனிட்டின் சூடான காற்று, இவை எல்லாமே சென்சாரை ஏமாற்றும். நேரடி மதிய வெயிலும் வேண்டாம், லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. கிழக்கோ வடக்கோ பார்த்த சுவர் கிடைத்தால் நல்லது.

இடத்தை முடிவு செய்தபின், துளை போடும் முன், கேமராவை அந்த இடத்தில் ஒருவர் கையில் பிடித்து நிற்கட்டும், நீங்கள் ஆப்பில் சிக்னலைப் பாருங்கள். எண்ணாகக் காட்டும் ஆப்பில், பூஜ்யத்துக்குக் கிட்ட இருக்க இருக்க சிக்னல் பலம்: மைனஸ் 65-க்குள் இருந்தால் நிம்மதி, மைனஸ் 75-ஐத் தாண்டி மைனஸ் 80 பக்கம் போனால் கிளிப் திணறும், பேட்டரியும் சீக்கிரம் காலியாகும். அப்போது ரவுட்டரை இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நடுவில் சிக்னலை நீட்டித் தரும் வைஃபை எக்ஸ்டெண்டர் ஒன்று வையுங்கள். அப்படியே ஒருவரை நடக்கவிட்டு எந்த இடத்தில் அலர்ட் வருகிறது என்றும் பாருங்கள். பகலில் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை. எல்லாம் சரி என்றால் மட்டும் துளை போட்டு, ரால்பிளக் அடித்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

செட்டிங்கில் மாற்ற வேண்டியவை

கிளிப் நீளம் 20 வினாடி, இரண்டு கிளிப்புக்கு நடுவே இடைவெளி 30 வினாடி என்று ஆரம்பியுங்கள். ஆளை மட்டும் தெரிவிக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள், தெருநாயும் பூனையும் இரவெல்லாம் எழுப்பாது. காட்சியில் தேவையில்லாத பகுதியை மறைக்கும் ஜோன் வசதி இருக்கும், தெரு ஓரத்தை அதில் மறைத்துவிடுங்கள். கடைக்காரர்கள் கடை திறந்திருக்கும் நேரத்தில் அலர்ட் வராதபடி நேர அட்டவணை போட வேண்டும். போடாவிட்டால் பகல் முழுக்க போன் கத்திக் கத்தி, கடைசியில் நீங்களே அலர்ட்டை மொத்தமாக அணைத்துவிடுவீர்கள், தேவைப்படும் இரவில் அது அணைந்தே கிடக்கும்.

பவர் கட், சோலார்

கேமராவுக்குப் பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு? கரன்ட் போனால் ரவுட்டர் அணையும், கேமரா விழித்தாலும் தகவல் உங்களுக்கு வராது. இன்வெர்ட்டர் லைனில் ரவுட்டரைப் போடுங்கள், இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். திருட வருகிறவன் மெயினை இறக்கிவிட்டு வருவதும் நடக்கிறது, அதனால் இதை வீண் செலவாக நினைக்காதீர்கள். ஃபைபர் கேபிள் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கரன்ட் வேண்டும்.

சோலார் பேனல் வைத்தால் ஏணி ஏறும் வேலை மிச்சம். தமிழ்நாட்டில் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். கேமரா நிழலில், பேனல் வெயிலில் இருக்கும்படி வயர் நீளமாக உள்ளதை வாங்குங்கள். தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலே உற்பத்தி கணிசமாகக் குறையும். மாதம் ஒரு தடவை தூசியைத் துடையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் சார்ஜ் அளவை அடிக்கடி பாருங்கள்.

தோட்டத்துக்கு

மோட்டார் ரூமில் காப்பர் வயரை வெட்டிக்கொண்டு போகிற கொடுமை விவசாயிகளுக்குத் தெரியும். அங்கே வைஃபை இருக்காது, அதனால் சிம் போடும் 4ஜி பேட்டரி கேமராவும் சோலார் பேனலும்தான் வழி. எந்த நெட்வொர்க் அந்த இடத்தில் நன்றாக எடுக்கிறது என்று போனை வைத்துப் பார்த்துவிட்டு அந்த சிம்மையே வாங்குங்கள். சிம்மில் பின் நம்பர் (PIN) லாக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் முடிகிற தேதியை போனில் நினைவூட்டலாகப் போடுங்கள், ஏனென்றால் ரீசார்ஜ் தீர்ந்த கேமரா சத்தமே இல்லாமல் ஊமையாகிவிடும். மயிலும் நாயும், காட்டோரம் என்றால் பன்றியும் நிறைய வரும், ஆளை மட்டும் தெரிவிக்கும் வசதி இங்கே கட்டாயம் தேவை.

அலர்ட் வந்தால் யார் போய்ப் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். நீங்கள் கோயம்புத்தூரில், தோட்டம் உடுமலை பக்கம் என்றால், நடுராத்திரி போனில் பார்த்துப் பதறுவதில் பயன் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் ஆப்பில் பகிர்வு கொடுங்கள், உள்ளூர் காவல் நிலைய எண்ணையும் போனில் வையுங்கள். தனியாகப் போய் மறிக்க மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போதும் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், கேமரா இருந்தாலும்.

அடுத்தவர் அந்தரங்கம்

கேமரா உங்கள் வாசலைப் பார்க்கட்டும், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம். அபார்ட்மென்ட் வராண்டாவில் மாட்டும் முன் அசோசியேஷனிடம் கேளுங்கள். கடையில் வேலை செய்பவர்களிடம் கேமரா இருப்பதைச் சொல்லி, ஒரு அறிவிப்பும் ஒட்டுங்கள். உடை மாற்றும் இடம், கழிவறை பக்கம் கேமரா போவது பேச்சுக்கே இடமில்லாத குற்றம், பெண்களை அப்படிப் படம்பிடிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் வருகிறது.

உங்கள் வீட்டுக்குள்ளும் படுக்கையறைக்கு கேமரா வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் ரிங் கேமரா நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்த்தார்கள் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்கு போட, நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெரிய கம்பெனி என்பதால் மட்டும் உள்ளே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பிவிட முடியாது.

ஏதாவது நடந்துவிட்டால்

முதல் வேலை, அந்த கிளிப்பை உடனே டவுன்லோட் செய்து இரண்டு இடத்தில் வைப்பது. கார்டு நிறைந்தால் பழையதை அழித்துக்கொண்டுதான் புதியது பதிவாகும், க்ளவுடிலும் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு போய்விடும். அந்த ஒன்றை மட்டும் எடுக்காமல் அதற்கு முந்தைய சில நாட்களின் கிளிப்புகளையும் எடுங்கள், நோட்டம் பார்க்க முன்பே யாராவது வந்திருக்கலாம்.

போலீஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்துக்குச் சரி, ஆனால் அதில் வீடியோ சுருங்கித் தெளிவு போய்விடும். மூலக் கோப்பை வெட்டாமல், எடிட் செய்யாமல் பென்டிரைவில் கொடுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் கைரேகை மாதிரியான குறியீடு) அதில் இடம்பெறும். விசாரணை அதிகாரி கேட்கும்போது எந்தக் கேமரா, எந்த போன், யார் டவுன்லோட் செய்தது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் காட்டும் நேரம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டு உள்ள கேமராவாக இருந்தால் அந்தக் கார்டைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வேறு புதுக் கார்டு ஒன்றைப் போட்டு ஃபார்மட் செய்து, அன்று இரவே கேமரா மறுபடி வேலை செய்கிறதா என்று நடந்து பார்த்துவிடுங்கள்.